பொய் சொன்ன பெட்ரோல் முள்: மோல்மேனில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் மோட்டார் சைக்கிளின் சொந்தக்காரர், மியான்மரின் (பர்மா) மோல்மேன் நகரில் வசிக்கும் தமிழ்ப் பெண்மணி. வயது ஐம்பதை நெருங்குகிறது. முறுக்கு, அதிரசம், மிக்சர் செய்து தேநீர்க் கடைகளுக்குப் போடுகிறவர். வாரத்தில் ஐந்து நாள் விடியற்காலையில் அடுப்பை அணைத்துவிட்டு, தகர டின்களைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு தெற்கே முடோன் வரை போவார். முடோன் இங்கிருந்து சுமார் 29 கிலோமீட்டர். வழியில் உள்ள கிராமங்களுக்குள் புகுந்து வந்தால் ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர் ஓடிவிடும். நான் அவரை அக்கா என்றுதான் அழைப்பேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன். நான் சிறிய பழுதுபார்ப்புக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். உடன் ஒரு மோன் இனப் பையன் வேலை கற்றுக்கொள்கிறான்.

வண்டி தாய்லாந்தில் செய்யப்பட்டு எல்லை வழியாக வந்தது. 125 சிசி, கார்புரேட்டர் காலத்து மாடல். ரங்கூன் நகருக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் அங்குள்ள உறவினர்களுக்கு இந்த வண்டிகளின் அருமை தெரியாது. எங்கள் ஊரில் மீன்காரர் முதல் பள்ளி ஆசிரியை வரை எல்லாரும் இதில்தான் போகிறார்கள்.

இந்த வண்டியின் அமைப்பில் இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டேங்க் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. டின்களைக் கட்டிய பிறகு சீட்டைத் தூக்க முடியாது. தூக்க வேண்டுமானால் கயிறு முழுவதையும் அவிழ்க்க வேண்டும். அடுத்தது, இதில் ரிசர்வ் திருகு இல்லை. தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆகவே சாலையில் இருக்கும்போது டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று அக்காவுக்குச் சொல்ல முள்ளைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

அவருடைய கணவர் இருந்த காலத்தில் ஒரு மூங்கில் குச்சியில் கத்தியால் கீறி அளவு போட்டு வைத்திருந்தார். காலையில் டின் கட்டுவதற்கு முன் குச்சியை டேங்க்கில் விட்டுப் பார்ப்பார்கள். பெட்ரோல் விலை லிட்டருக்கு 2,000 கியாட்டைத் தாண்டிய பிறகு அக்கா டேங்க்கை நிரப்புவதையே நிறுத்திவிட்டார். கையில் இருக்கும் காசுக்கு ஏற்றபடி சாலையோரத்தில் இரண்டு பாட்டில் வாங்கி ஊற்றுவார். இந்த வழக்கத்துக்கும் பழுதுக்கும் தொடர்பு இருந்தது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முறையீடு

2023ஆம் ஆண்டு மழைக்காலம் தொடங்கியிருந்தது. மோல்மேன் மழை சாதாரண மழை அல்ல; ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர் இது, அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் வந்துவிடும். அக்காவின் முறையீடு ஒரே வரிதான்: மழை பெய்தால் முள் காலிக்குப் போய்விடுகிறது, மழை விட்டால் மேலே வருகிறது.

சந்தைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கடைக்கு முதலில் போனார். அவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மீட்டருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று சொல்லி, பார்ப்பதற்கு அதே மாதிரி இருந்த ஒரு பழைய மீட்டரை மாட்டிக் கொடுத்தார்கள். அக்காவின் நான்கு நாள் லாபம் போயிற்று. ஓடிய கிலோமீட்டர் கணக்கும் கூடவே போயிற்று. புதிதாக வந்த மீட்டர் வேறு ஏதோ வண்டியின் கணக்கைக் காட்டியது. நல்ல வேளையாக, கழற்றிய மீட்டரை அவர் அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை. சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மறுநாள் மழை. முள் மறுபடியும் காலி. இரண்டு வாரம் பொறுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

முதல் சோதனை: மழையா, விளக்கா

கையில் ஸ்பேனர் எடுக்கும் முன் கேள்வி கேட்பது என் வழக்கம் என்று எழுத ஆசைதான். உண்மையில் அன்று மின்சாரம் இல்லை, வேறு வேலை ஓடவில்லை, அதனால் பேசிக்கொண்டிருந்தோம்.

“மழை என்றால் தூறலிலேயே இறங்குமா, அடைமழையிலா?”

“வானம் இருட்டினாலே இறங்கிவிடும் தம்பி. சில நாள் மழை விழுவதற்கு முன்பே இறங்கியிருக்கிறது.”

இந்தப் பதில்தான் திருப்பம். மழை விழுவதற்கு முன்பே இறங்குகிறது என்றால் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. வானம் இருட்டினால் அக்கா என்ன செய்வார்? விளக்கைப் போடுவார்.

வண்டியைக் கூரைக்கு அடியில், சொட்டு ஈரம் இல்லாத இடத்தில் நிறுத்தினோம். சாவியைத் திருப்பினோம், முள் முக்காலுக்கு மேல் நின்றது. விளக்கைப் போட்டதும் பாதிக்குக் கீழே சரிந்தது. பிரேக்கை மிதித்தால் காலிக் கோட்டுக்கே போயிற்று. இண்டிகேட்டரைப் போட்டபோது, விளக்கு மின்னுகிற ஒவ்வொரு முறையும் முள்ளும் சேர்ந்து துள்ளியது. பையன் சிரித்துவிட்டான். பின்விளக்கு மங்கலாக எரிந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். அந்த பல்பை இரண்டு முறை மாற்றியிருப்பதாக அக்கா சொன்னார்.

மீட்டர் வேலை செய்யும் முறை எளிது. பேட்டரியின் மின்னோட்டம் மீட்டர் வழியாக டேங்க்குக்குள் இருக்கும் மிதவைக் கருவிக்குப் போகிறது. மிதவையின் கையோடு இணைந்த ஒரு தொடுமுனை, மின்தடைச் சுருளின் மேல் நகர்கிறது. அங்கிருந்து மின்னோட்டம் எர்த் வயர் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. இந்த வண்டியில் டேங்க் நிரம்பினால் தடை குறையும், காலியானால் கூடும். எல்லா வண்டியிலும் இப்படி இல்லை. நேர்மாறாக உள்ளவையும் உண்டு. தடையைப் பார்த்துத்தான் முள் நகர்கிறது. திரும்பி வரும் எர்த் வழியில் துரு இருந்தால் அந்தத் தடையும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். அதே எர்த்தைப் பின்விளக்கும் பயன்படுத்தினால் சங்கதி இன்னும் மோசம்: விளக்கின் மின்னோட்டம் துருப்பிடித்த இணைப்பில் ஒரு வோல்ட்டேஜை எழுப்பிவிடும், மீட்டர் அதையும் ‘காலி’ என்று படித்துவிடும்.

அளந்தோம். பின்விளக்கின் எர்த்துக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையில், விளக்கு மட்டும் எரியும்போது 1.1 வோல்ட்; பிரேக் மிதித்தால் 4.1 வோல்ட். நல்ல இணைப்பில் இது 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. துருவை ஓம் கணக்கில் அளக்க முயல்வதைவிட இப்படி மின்னோட்டம் ஓடும்போது வோல்ட் இழப்பை அளப்பது நம்பகமானது. சின்னத் தடைகளைச் சாதாரண மல்டிமீட்டர் சரியாகக் காட்டாது.

எர்த் வயரின் வளையம் சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட்டில் மாட்டப்பட்டிருந்தது. பின்சக்கரம் சேறு அடிக்கிற அதே இடம். வளையம் பச்சையும் கறுப்புமாகப் பொரிந்து கிடந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புது வளையம் போட்டேன். பழைய இடத்திலேயே மாட்டாமல், சேறு எட்டாத இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிய வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். இப்போது பிரேக் மிதித்தால் 0.1 வோல்ட். முள் அசையவில்லை.

வண்டியைக் கொடுப்பதற்கு முன் கடைகளில் வழக்கமாகச் செய்யும் இரண்டு சோதனைகளையும் செய்தேன். மிதவைக் கருவியின் கனெக்டரைக் கழற்றினால் முள் காலிக்குப் போக வேண்டும், போயிற்று. வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் இரண்டு வயரையும் கண நேரம் சேர்த்தால் முள் நிறைவுக்கு ஏற வேண்டும், ஏறியது. காலி, நிறைவு இரண்டு முனையும் சரி என்றால் மீட்டர் சரி என்று முடிவுகட்டினேன். டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா காசு கொடுத்து, ஒரு பொட்டலம் முறுக்கும் வைத்துவிட்டுப் போனார்.

சாலையில் நின்றது

ஐந்தாம் நாள். மழை விட்டு நல்ல வெயில். காலை எட்டு மணிக்கு முடோனுக்கு இன்னும் ஆறேழு கிலோமீட்டர் இருக்கும்போது கைபேசியில் அழைத்தார்.

“தம்பி, முள்ளும் நிற்கிறது, வண்டியும் நிற்கிறது. முள் மூன்றில் ஒரு பங்கில் நிற்கிறது.”

எனக்கு முதலில் கார்புரேட்டர் அடைத்துவிட்டது என்றுதான் பட்டது. கயிறு அவிழ்த்து, ஆறு டின்களையும் புல்லில் இறக்கி, சீட்டைத் தூக்கிப் பார்த்தார். டேங்க் காய்ந்து கிடந்தது. ஒரு ரப்பர் தோட்டத்து ஆள் தன் வண்டியில் போய் இரண்டு பாட்டில் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். அக்கா கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று கடைக்காரர்கள் வேறு ஆளிடம் சரக்கு எடுத்துவிட்டார்கள்.

இதில் என் பங்கைச் சொல்ல வேண்டும். என்னிடம் வருவதற்கு முன் அந்த முள் குறைத்துத்தான் பொய் சொன்னது. இருக்கும்போதே இல்லை என்றது. அக்கா அதைக் கண்டு பயந்து அடிக்கடி இரண்டு பாட்டில் ஊற்றினார்; அதனால் ஒருநாளும் நிற்கவில்லை. நான் எர்த்தைச் சரி செய்ததும் அந்தப் பயம் போய்விட்டது. மழையிலும் ஆடாமல் நிற்கிற முள்ளை அவர் நம்பிவிட்டார். அதற்குள் ஒளிந்திருந்த இன்னொரு பொய், இல்லாததை இருப்பதாகச் சொல்கிற பொய், அப்போதுதான் வெளியே வந்தது.

இரண்டாம் சோதனை

மறுநாள் வண்டி வந்தது. டேங்க்கில் அரை லிட்டர்கூட இருக்காது. முள் மூன்றில் ஒரு பங்கு. விளக்குகள் அணைந்திருந்தன. கனெக்டரைக் கழற்றி மிதவைக் கருவியின் தடையை அளந்தோம்: 93 ஓம்.

இந்த 93 சரியா, தவறா? மீட்டர் சரியாக இருந்து மிதவை தவறா, மிதவை சரியாக இருந்து மீட்டர் தவறா? சந்தைக் கடை மாட்டிய மீட்டர் எந்த மாடலுக்கு உரியது என்று யாருக்கும் தெரியாது. பழைய மீட்டர் என்னவாயிற்று என்று கேட்டேன். சாக்கில் கிடப்பதாகச் சொல்லி, மதியம் கொண்டுவந்தார். உள்ளே தண்ணீர் இறங்கிய தடயம் எதுவும் இல்லை. கண்ணாடிகூடப் பனிக்கவில்லை.

வானொலி பழுதுபார்க்கும் கடையில் 10, 47, 100 ஓம் ரெசிஸ்டர்கள் சில்லறைக் காசுக்குக் கிடைத்தன. மிதவைக் கருவிக்குப் பதிலாக இவற்றை ஒவ்வொன்றாகக் கனெக்டரில் சொருகினோம். பழைய மீட்டர் 10 ஓமுக்கு நிறைவுக் கோட்டைத் தொட்டது. 47 ஓமுக்குப் பாதிக்குச் சற்றுக் கீழே. 100 ஓமுக்குக் காலி. மாற்றிய மீட்டரோ 10 ஓமுக்கு நிறைவையும், 47 ஓமுக்கு முக்காலையும், 100 ஓமுக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழும் காட்டியது. இன்னும் கூடுதல் தடை உள்ள மிதவைக்கு என்று செய்யப்பட்ட மீட்டர் அது. முகம் ஒன்று, கணக்கு வேறு.

நான் முன்பு செய்த காலி, நிறைவுச் சோதனைகளில் இது ஏன் அகப்படவில்லை என்பதும் இப்போது விளங்கியது. வயர் அறுந்தால் இந்த வகை மீட்டர் எதுவும் காலிக்குத்தான் போகும். வயர் சேர்ந்தால் இந்த வகை மீட்டர் எதுவும் நிறைவுக்குத்தான் ஏறும். அந்தச் சோதனை வயரைச் சோதிக்கிறது, அளவைச் சோதிப்பதில்லை. இருபது ஆண்டாக அதைச் செய்துவருகிறேன். ஒரு முறையும் இப்படி யோசித்ததில்லை.

பழைய மீட்டரையே திரும்ப மாட்டினோம். அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் இந்த முறை வண்டியை ஓட்டிப் பார்த்தேன். மேடுபள்ளத்தில் முள் பாதியருகே வரும்போது திடீரென்று காலிக்கு விழுந்து மறுபடி எழுந்தது.

டேங்க்கைத் திறந்தது

மிதவைக் கருவியைக் கழற்ற முடிவு செய்தோம். புதிய கருவிக்குச் சொல்லி அனுப்பினால் தாய்லாந்து எல்லையில் உள்ள மியாவாடி வழியாக வர எத்தனை நாள் ஆகும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அக்காவால் அதுவரை வியாபாரத்தை நிறுத்தி வைக்க முடியாது. புதியதற்குச் சொல்லிவிட்டு, இருப்பதைச் சரிசெய்து ஓட்டுவது என்று தீர்மானித்தோம்.

கடைக்கு வெளியே திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, பேட்டரியின் மைனஸைக் கழற்றி, பெட்ரோலை மூடியுள்ள தகர டப்பாவில் இறக்கினோம். பாதி வேலையில் மின்சாரம் போயிற்று; பக்கத்து வீட்டுக்காரர் ஜெனரேட்டரை இழுத்து வந்து எங்களுக்குப் பத்தடி தள்ளி வைத்து இயக்கப் பார்த்தார். டேங்க் வாய் திறந்திருக்கிறது என்று கத்தித் தடுத்தோம். அவர் கோபித்துக்கொண்டார். டேங்க்கை மூடிவிட்டு, அவர் ஜெனரேட்டரை இயக்க விட்டு, மின்சாரம் வந்து அவர் அதை நிறுத்தும்வரை, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அது வீண் நேரம் என்று நான் கருதவில்லை.

மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். உள்ளே பெட்ரோல் ஏறவில்லை. கருவியை மல்டிமீட்டரில் இணைத்து, மிதவையின் கையைக் கீழிருந்து மேலாக மிக மெதுவாக நகர்த்தினேன். 95 ஓமில் தொடங்கிச் சீராக இறங்கியது. நாற்பதுகளில் ஓரிடத்தில் இணைப்பே இல்லை என்று காட்டியது. ஒரு நூலளவு தாண்டியதும் மறுபடி சரி. மேலே 8 ஓம் வரை போயிற்று. இந்த வேலைக்கு முள் உள்ள பழைய வகை மல்டிமீட்டர்தான் நல்லது. எண் காட்டும் மல்டிமீட்டர் நிதானிப்பதற்குள் பழுதான இடத்தைத் தாண்டிவிடுவோம்.

மூடியைப் பிரித்தோம். தொடுமுனை உரசும் தடம், நடுப்பகுதியில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அக்கா எப்போதும் இரண்டு பாட்டில் மட்டும் ஊற்றியதன் விளைவு இது. டேங்க் நிரம்பவும் இல்லை, வறளவும் இல்லை; மிதவை மாதக்கணக்காகப் பாதியிலேயே ஆடிக்கொண்டிருந்தது, மேடுபள்ளமான சாலை முழுவதும் அதே கால் அங்குலத்தை அரைத்திருக்கிறது. விலையேற்றம் முள்ளையும் விடவில்லை.

தொடுமுனையின் கையைச் சிறு மூக்குக் குறடால் ஒரு முடியளவு பக்கவாட்டில் வளைத்தேன். சுருளில் தேயாத பகுதியில் அது உரசத் தொடங்கியது. மறுபடி அளந்தபோது 95 முதல் 8 வரை எங்கும் அறுபடவில்லை. இது தற்காலிக வைத்தியம் என்று அக்காவிடம் சொன்னேன். டேங்க்கின் அடியில் கண்ணாடி மணிபோலத் தண்ணீர்த் துளிகள் உருண்டன, துடைத்து எடுத்தோம். பாட்டிலில் வந்ததா, மழையில் மூடி திறந்தபோது விழுந்ததா என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு தவறும் செய்தேன். மிதவைக் கருவிக்கு அடியில் உள்ள ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறிப் பருத்திருந்தது. பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை. அமுக்கி உட்காரவைத்து முடுக்கிவிட்டேன். மறுநாள் காலை அதிரச டின்னில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று அக்கா வந்து நின்றார். கசிவு சிறியதுதான், ஆனால் சூடான எஞ்சினுக்கு மேலே, ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் சீட்டுக்கு அடியில் நடக்கும் கசிவு. பெட்ரோல் தாங்கும் புது வளையம் தேடி வாங்கிப் போட்டேன். வாடை பிடித்த டின்னின் சரக்குக்குக் காசு கொடுத்தேன். அவர் பாதிதான் வாங்கிக்கொண்டார்.

அளவு போட்டது

முள் சரியாகிவிட்டது என்று வாயால் சொல்வதில் எனக்கே நம்பிக்கை போயிருந்தது. டேங்க்கை முழுவதும் வடித்துவிட்டு, அளவுக் குவளையால் அரை லிட்டர் அரை லிட்டராக ஊற்றி, வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி, ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதினோம். பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்த்து வைத்தால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி முள் ஏமாற்றும்.

முதல் அரை லிட்டருக்கு முள் அசையவே இல்லை. மிதவை தரையில் கிடந்தது. ஒரு லிட்டரில் காலிக் கோட்டை விட்டுச் சற்று எழுந்தது. இரண்டு லிட்டரில் பாதிக்கு ஒரு விரற்கடை கீழே. மூன்றில் முக்காலைத் தாண்டியது. மூன்றரையில் நிறைவு; அதற்கு மேல் ஊற்றியதை முள் கண்டுகொள்ளவில்லை. பாதி என்று முள் காட்டுவது பாதி அல்ல என்பதையும், நிறைவில் இருந்து முள் இறங்கத் தொடங்கும்போதே கொஞ்சம் போய்விட்டது என்பதையும் அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார்.

சாலையோரத்தில் வாங்கிய மூன்று பாட்டில்களையும் அதே குவளையில் ஊற்றிப் பார்த்தோம். மூன்றில் ஒன்றுகூட ஒரு லிட்டரைத் தொடவில்லை. அக்கா எதுவும் சொல்லவில்லை. குவளையை வாங்கிக் கண்ணருகே பிடித்து ஒரு தரம் பார்த்தார்.

சரக்கோடு இந்த வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிறது. முடோனில் இருந்து வீட்டுக்கு 29. ஒரு லிட்டர் அடையாளத்தில் மீட்டர் கண்ணாடியின் மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தோம். முள் அந்தப் புள்ளிக்கு வந்தால் எங்கிருந்தாலும் வீடு வரலாம், ஆனால் வேறெங்கும் போகக் கூடாது என்பது ஏற்பாடு. புள்ளியை அக்காவே வைத்தார்.

பிறகு நடந்தது

ஆகஸ்டில் மழை உச்சத்தில் இருந்தபோது இரண்டு முறை வண்டியை வரச்சொல்லி எர்த்தைச் சோதித்தேன். பிரேக் மிதித்தால் 0.1 வோல்ட்தான். பின்விளக்கு நன்றாக எரிகிறது, பல்பு மாற்றவில்லை. முள் விளக்குக்கு ஆடவில்லை.

செப்டம்பர் கடைசியில் பாதிக்கு அருகே மறுபடி சிறிய நடுக்கம். வளைத்துவிட்ட தொடுமுனை புதிய தடத்தையும் தேய்க்கத் தொடங்கியிருந்தது, எதிர்பார்த்ததுதான். புதிய மிதவைக் கருவி தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்தது. அக்காவுக்கு அந்த மூன்று வாரமும் ஆண்டின் பாதி வியாபாரம். மாட்டுவதற்கு முன் மேசைமேல் வைத்து அளந்தேன்: 97 முதல் 9 ஓம் வரை, அறுபடாமல். புது வளையத்தோடு மாட்டி, மறுபடி அரை லிட்டர் அரை லிட்டராக ஊற்றிப் பார்த்ததில் சிவப்புப் புள்ளி இடம் மாறவில்லை. அதன் பிறகு சாலையில் நிற்கவில்லை.

சந்தைக் கடைக்கு மாற்றிய மீட்டரைத் திருப்பிக் கொண்டுபோனார். அவர்கள் பேச்சு வளர்க்காமல் பாதி விலை கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மழை என்று சொல்லி வந்த ஆளிடம் தண்ணீர் என்றார்கள். நானும் அந்த மின்வெட்டு இல்லாவிட்டால் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இனி மாற்றிச் செய்வது

முள் பற்றிய முறையீடு வந்தால் இப்போது மீட்டரைத் தொடுவதற்கு முன்பே விளக்கு, பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் போட்டுப் பார்க்கிறோம். முள் அவற்றோடு ஆடினால் எர்த்; அதற்கு ஐந்து நிமிடம் போதும். 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கனெக்டர் முனையோடு பற்றவைத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். நடுவில் ஓரிடத்தையாவது சோதிக்காமல் வண்டியைக் கொடுப்பதில்லை. கழற்றிய சாமானை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுகிறோம். ரப்பர் வளையம் கையில் இல்லாமல் டேங்க்கைத் திறப்பதில்லை.

முள் எப்போது பொய் சொல்கிறது என்று கேட்பதோடு, வண்டிக்காரர் எவ்வளவு ஊற்றுகிறார், எதைக் கட்டிக்கொண்டு போகிறார், எங்கிருந்து திரும்புகிறார் என்றும் கேட்கிறேன். பையனுக்கு இந்தக் கேள்விகள் ஊர்வம்பாகத் தோன்றுகின்றன. முதலிலேயே கேட்டிருந்தால் சுருளின் நடுவில் தேய்ந்திருக்கும் என்று டேங்க்கைத் திறக்காமலே ஊகித்திருக்கலாம்.

தீபாவளிக்கு முந்திய நாள் எர்த்தைப் பார்க்கச் சீட்டைத் தூக்கியபோது, டேங்க்குக்குப் பக்கத்தில் துணி சுற்றிய மூங்கில் குச்சி செருகியிருந்தது. கணவர் போட்ட கீறல்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கீறல், ஒரு லிட்டருக்கு, சிவப்பு நகப்பூச்சில். இருந்த இடத்திலேயே வைத்துச் சீட்டை மூடினேன்.